3 பட்டன்களும் 19 வீரர்களும்: விர்ச்சுவா ஃபைட்டர் 5 ரெவோவை அடிப்படையிலிருந்து கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

‘யாகுசா 6’, ‘ஜட்ஜ்மென்ட்’ ஆகிய கேம்களை ஆடியவர்களில் பலர், அவற்றில் வரும் காமுரோச்சோ என்ற கற்பனை நகர்ப்பகுதியின் ஆர்கேட் கூடத்துக்குள் நுழைந்து, அங்கிருக்கும் ஒரு சண்டை விளையாட்டு இயந்திரத்தின் முன் அமர்ந்து, இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டுக் கதையைத் தொடரப் போயிருப்பார்கள். அவர்கள் அங்கே தொட்டது ‘விர்ச்சுவா ஃபைட்டர் 5 ஃபைனல் ஷோடவுன்’. ஒரு பெரிய கேமுக்குள் பொழுதுபோக்குக்காக வைக்கப்பட்ட சிறு ஆட்டம் என்றே பலரும் அதை எடுத்துக்கொண்டனர். அது தன்னளவில் முழுமையான சண்டை விளையாட்டு என்பதும், ஆண்டுக்கணக்கில் ஆடினாலும் அதில் கற்க மீதியிருக்கும் என்பதும் அந்த இரண்டு ஆட்டத்தில் தெரிந்திருக்க வழியில்லை.

இந்த விளையாட்டு கவனிக்கப்படாமல் போனது என்பது வேடிக்கையான செய்தி, ஏனெனில் இது அறியப்படாத நிறுவனம் ஒன்றின் படைப்பு அல்ல. 1993இல் யூ சுசுகியின் தலைமையில் சேகாவின் ஏஎம்2 குழு உருவாக்கிய முதல் ‘விர்ச்சுவா ஃபைட்டர்’தான் முப்பரிமாணச் சண்டை விளையாட்டு என்ற வகையையே தொடங்கி வைத்தது, அதே வகையைச் சேர்ந்த ‘டெக்கன்’ விளையாட்டு வந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். 1994இல் வெளியான இரண்டாம் பாகத்துக்கு ஜப்பானில் இருந்த வரவேற்பு எத்தகையது என்றால், தேர்ந்த ஆட்டக்காரர்கள் ‘சின்ஜுகு ஜாக்கி’, ‘இகெபுகுரோ சாரா’ என்று தாங்கள் ஆடும் பேட்டையின் பெயரையும் பாத்திரத்தின் பெயரையும் சேர்த்தே நாடெங்கும் அறியப்பட்டார்கள். 2006இல் ஐந்தாம் பாகம் ஆர்கேட்டுக்கு வந்தது. அதைத் திருத்திச் செப்பனிட்ட ஃபைனல் ஷோடவுன் 2010இல் ஆர்கேட்டிலும் 2012இல் வீட்டுக் கருவிகளிலும் வந்தது. அதன் பின் 9 ஆண்டுகள் அமைதி. 2021 ஜூன் 1 அன்று பிளேஸ்டேஷன் 4க்கு ‘அல்டிமேட் ஷோடவுன்’ வந்தபோது பலர் ஆவலோடு திரும்பினார்கள். ஆனால் இணையத் தாமதம் ஆட்டத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் ‘ரோல்பேக்’ முறை அதில் இல்லாததால், தொலைவில் இருப்பவரோடு ஆடும்போது பட்டன்கள் சேற்றில் புதைந்ததுபோல் இருந்தன, வந்தவர்களும் கலைந்தார்கள்.

2025 ஜனவரி 28 அன்று கணினிக்கு வந்த ‘ரெவோ’ பதிப்பில் அந்தக் குறை நீங்கிவிட்டது. மிச்சமிருக்கும் தடை ஒன்றுதான்: ‘இது கடினமான ஆட்டம்’ என்ற பழைய பேச்சு. நான் இதை முழுமையாக மறுக்கிறேன். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்தபின் அதற்குரிய விடையும் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும். இப்படிப்பட்ட விளையாட்டைக் கடினமானது என்று சொல்வதைவிட நேர்மையானது என்று சொல்வதே பொருந்தும். அந்த நேர்மையை நீங்களே உணரும் இடம்வரை படிப்படியாக அழைத்துச் செல்வதே இவ்வழிகாட்டியின் நோக்கம்.

முதல் படி: எதில் ஆடுவது

வாய்ப்பிருந்தால் ரெவோ பதிப்பையே தேர்ந்தெடுங்கள். பழைய ஃபைனல் ஷோடவுன் உங்களிடம் இருந்தால் அடிப்படைகளை அதிலேயே பழகலாம், ஏனெனில் இங்கே சொல்லப்போகும் விதிகள் பெரும்பாலும் அதற்கும் பொருந்தும். தனியாக ஆர்கேட் ஸ்டிக் வாங்க வேண்டியதில்லை. பிளேஸ்டேஷன் அல்லது எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் ஒன்று போதும். அனலாக் குச்சியை விட்டுவிட்டு, இடப்பக்கத் திசைப் பட்டன்களால் ஆடுங்கள். இந்த ஆட்டத்தில் மேலும் கீழும் ஒரு கணம் தட்டி விடும் அசைவு அடிக்கடி தேவைப்படும், அனலாக் குச்சியில் அது சறுக்கும்.

இரண்டாம் படி: 3 பட்டன்களும் உயர விதிகளும்

குத்து, உதை, தடுப்பு ஆகிய 3 பட்டன்களே இங்கு உள்ளன. வேறு பல சண்டை விளையாட்டுகளில் பின்திசையை அழுத்தினால் தடுப்பு வரும். இங்கே பின்திசை அழுத்தினால் வீரர் பின்னால் நடப்பார், அவ்வளவுதான். தடுக்கத் தடுப்புப் பட்டனை அழுத்தியே ஆக வேண்டும். முதல் இரண்டு நாள் உங்கள் கட்டைவிரல் இதை மறக்கும். மூன்றாம் நாளில் அது உடம்போடு ஒட்டிவிடும்.

அடிகள் உயரத்தால் மூன்று வகைப்படும். மேல்மட்ட அடி நிற்பவர்மேல் படும், குனிந்தவரின் தலைக்கு மேலாகக் காற்றில் போகும். நடுமட்ட அடியை நின்றுதான் தடுக்க முடியும். குனிந்து தடுத்தால் தடுப்பை உடைத்துக்கொண்டு விழும். கீழ்மட்ட அடியைக் குனிந்துதான் தடுக்க முடியும். இவற்றோடு, குத்தையும் தடுப்பையும் சேர்த்து அழுத்தினால் வரும் எறி இருக்கிறது. எதிராளி நின்று தடுத்துக்கொண்டிருந்தாலும் எறி அவரைப் பிடித்துத் தூக்கி வீசிவிடும்; ஆனால் குனிந்திருப்பவரைச் சாதாரண எறியால் பிடிக்க முடியாது. வுல்ஃப், ஜெஃப்ரி போன்ற சிலருக்கு மட்டும் குனிந்தவரைப் பிடிக்கும் எறிகளும் உண்டு.

மேல் அல்லது கீழ்த் திசையை ஒருமுறை தட்டினால் வீரர் பக்கவாட்டில் ஒதுங்குவார். நேர்கோட்டில் வரும் அடி அப்போது தவறிவிடும். வட்டமாகச் சுழன்று வரும் அடி ஒதுங்கியவரையும் அடிக்கும். ஒரு சுற்றில் நடக்கும் அத்தனையும் இந்த ஒருசில விதிகளின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

மூன்றாம் படி: ஒரு வீரரைத் தேர்ந்தெடுப்பது

மொத்தம் 19 வீரர்கள். ஒவ்வொருவரும் உலகில் உண்மையாகவே இருக்கும் ஒரு தற்காப்புக் கலையையோ மல்யுத்த மரபையோ தழுவியவர். நெருப்புப் பந்து எறிபவரோ மந்திரம் போடுபவரோ இவர்களில் இல்லை. அகிரா யூகி பயில்வது பாஜிச்சுவான். பிராட் பர்ன்ஸ் முவே தாய் வீரர். கோ ஹினோகாமி ஜூடோ ஆடுகிறார், எல் பிளேஸ் மெக்சிக்கோவின் லூச்சா லிப்ரே மல்யுத்தர், டாக்கா அராஷி சுமோ வீரர். முதியவரான ஷுன் டி குடிகாரக் குங்ஃபூ ஆடுபவர். சண்டைக்கு நடுவே அவர் குடிக்கும் ஒவ்வொரு மிடறும் கணக்கில் சேர, புதிய அடிகள் அவருக்குத் திறந்துகொண்டே போகும். எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அவர்தான் என்றாலும் தொடக்கத்தில் அவரை எடுக்க வேண்டாம்.

முதல் மாதத்துக்கு ஜாக்கி, லாவ், வுல்ஃப் ஆகிய மூவரில் ஒருவரை எடுங்கள். ஜீத் குன் டோ ஆடும் ஜாக்கியின் அடிகள் நேரடியானவை, அவற்றை நினைவில் வைப்பதும் எளிது. லாவின் தொடர் குத்துகள் விரைந்து வந்து நெருக்கடி கொடுக்கும். வுல்ஃப் தொழில்முறை மல்யுத்த வீரர் என்பதால், அவரை ஆடினால் எறியின் மதிப்பு முதல் நாளிலேயே புரிந்துவிடும். இவர்களில் யாரை எடுத்தாலும் குறைந்தது ஒரு மாதம் மாற்றாதீர்கள். விதிகளைக் கற்கும் காலத்தில் வீரரையும் மாற்றிக்கொண்டிருந்தால், தவறு விதி புரியாததாலா வீரர் புரியாததாலா என்பது தெரியாமல் போகும்.

தேர்ந்தெடுத்தவரின் அடிப்பட்டியல் நூறைத் தொட்டு மிரட்டும். மிரள வேண்டாம், முதல் வாரத்துக்கு ஆறே அடிகள் போதும்: விரைவான நேர்க்குத்து ஒன்று, நடுமட்ட அடி ஒன்று (முன்திசையோடு குத்தை அழுத்தினால் ஜாக்கி, அகிரா போன்ற பலருக்கு முழங்கை அடியாக வரும்), கீழ்மட்ட அடி ஒன்று, வட்ட அடி ஒன்று, எதிராளியை மேலே தூக்கிவிடும் அடி ஒன்று, எறி ஒன்று.

நான்காம் படி: ஃபிரேம் கணக்கு

இந்தச் சொல்லைக் கேட்டதும் பலர் ஓடிவிடுகிறார்கள். கூட்டலும் கழித்தலும் தெரிந்தவர் யாரும் ஓட வேண்டியதில்லை. ஆட்டத்தில் ஒரு நொடி 60 ஃபிரேம்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் அடியும் தொடங்கி எதிராளிமேல் படுவதற்குச் சில ஃபிரேம்கள் ஆகும். பெரும்பாலான வீரர்களின் நேர்க்குத்து 11 அல்லது 12 ஃபிரேம்களில் படும், எறி 10 ஃபிரேம்களில் பிடிக்கும்.

அடுத்தது, அடி முடிந்தபின் யார் முதலில் அசைய முடியும் என்ற கேள்வி. எதிராளியின் அடியை நீங்கள் தடுத்துவிட்டீர்கள். அவர் பழைய நிலைக்கு வர உங்களைவிட 5 ஃபிரேம் கூடுதலாக ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் மைனஸ் 5இல் இருக்கிறார் என்பார்கள். இருவரும் அதே கணத்தில் 12 ஃபிரேம் குத்தை அழுத்தினால் உங்களுடையது 12இல் படும், அவருடையது 17இல்தான் வரும். குத்துக்குப் பதிலாக 14 ஃபிரேம் முழங்கை அடியைக் கொடுத்தாலும் நீங்களே முந்துவீர்கள். அத்துடன், அவர் அடிக்கத் தொடங்கியபின் அது படுவதற்குள் உங்கள் அடி விழுவதால் அது எதிர்த்தாக்குதல் அடியாகக் கணக்கிடப்படும். சேதம் கூடும், உங்களுக்குக் கிடைக்கும் முன்னிலையும் கூடும்.

இன்னும் பெரிய மைனஸ் வந்தால் அது தண்டனைக்குரிய நேரம். எதிராளி மைனஸ் 10இல் இருந்தால் எறி அவரைப் பிடிக்கும். மைனஸ் 12 என்றால் 12 ஃபிரேம் குத்து தடுக்க முடியாதபடி விழும். அதையும் தாண்டிப் போகப் போக உங்கள் வீரரின் பெரிய அடிகளுக்கு இடம் கிடைக்கும். எல்லா எண்களையும் மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். உங்கள் ஆறு அடிகளும் தடுக்கப்பட்டால் எத்தனை மைனஸ் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதித் திரைக்கு அருகே ஒட்டி வையுங்கள். எதிராளிகள் உங்களை எப்போது தண்டிக்கிறார்கள் என்பது அந்தத் தாளிலிருந்தே விளங்கத் தொடங்கும்.

ஐந்தாம் படி: இருவழி

ஜப்பானிய ஆட்டக்காரர்கள் ‘நிதாக்கு’ என்று அழைக்கும் இருவழித் தேர்வுதான் இந்த விளையாட்டின் உயிர். இதுவரை படித்தவை எல்லாம் இதற்கான முன்னேற்பாடுகளே.

நீங்கள் முன்னிலையில் இருக்கிறீர்கள். எதிராளி சில ஃபிரேம்கள் பின்தங்கியிருக்கிறார். உங்களிடம் இரண்டு மிரட்டல்கள் உள்ளன: நடுமட்ட அடி, எறி. அவர் நின்று தடுத்தால் எறியுங்கள். எறிக்குப் பயந்து குனிந்தால் நடுமட்ட அடி கொடுங்கள். அவர் பொறுமையிழந்து குத்தினால், முன் சொன்ன கணக்குப்படி உங்கள் நடுமட்ட அடி எதிர்த்தாக்குதலாக அவர்மேல் விழும். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் எறிய முயன்றிருந்தால் அவருடைய குத்துதான் வெல்லும். அவர் பக்கவாட்டில் ஒதுங்கினால் நேர்கோட்டு அடி தவறும், வட்ட அடி படும், எறியும் பிடிக்கும்.

பின்தங்கியவரிடமும் கருவிகள் நிறைய இருக்கின்றன. எறி வரும் கணத்தில் குத்து, தடுப்பு இரண்டையும் எறி முடியும் திசையோடு சேர்த்து அழுத்தினால் அதிலிருந்து விடுபடலாம். ஒரு கணம் குனிந்து எறியைத் தவறவிட்டு, உடனே எழுந்து நின்று தடுக்கும் ‘ஃபஸி கார்டு’ என்ற முறை, எறியையும் தாமதமான நடுமட்ட அடியையும் ஒரே அசைவில் சமாளிக்கும். அதை முறியடிக்கத் தாக்குபவருக்கு வேறு விடை உண்டு. அவர் தம் அடியின் நேரத்தைச் சற்றே மாற்றுவார். இப்படிக் கேள்வியும் விடையும் மாறிமாறி ஏறிக்கொண்டே போகும்; எந்த இடத்திலும் விடையில்லாத கேள்வியை ஆட்டம் உங்கள்மேல் எறிவதில்லை.

ஒரு மாலைப்பொழுதை இங்கே சொல்லியாக வேண்டும். வுல்ஃபை ஆடிய ஒருவரிடம் நான் அடுத்தடுத்து 11 ஆட்டங்கள் தோற்றேன். ஒவ்வொரு முறையும் காலைப் பிடித்துச் சுழற்றி வீசும் அவருடைய ஜயன்ட் ஸ்விங்கில்தான் சுற்று முடிந்தது. எனக்குக் கோபம் வந்தது, எறி அநியாயமாக வலுவானது என்றுகூடத் தோன்றியது. பின்னர் பதிவை ஓடவிட்டுப் பார்த்தேன். நான் ஒவ்வொரு முறையும் மைனஸில் இருந்தபோது அசையாமல் நின்று தடுத்துக்கொண்டிருந்தேன். அவரும் ஒவ்வொரு முறையும் எறிந்தார், அதுவும் அதே எறி. ஜயன்ட் ஸ்விங்கின் கட்டளை முன்திசையில் முடிகிறது. அப்படியானால் விடுபடவும் முன்திசையையே அழுத்த வேண்டும். அடுத்த முறை அவரைச் சந்தித்தபோது, மைனஸில் நின்ற கணத்தில் முன்திசையோடு இரு பட்டன்களையும் அழுத்தினேன், பிடி விலகியது. இரண்டாவது முறையும் விலகியது. மூன்றாவது முறை அவர் பின்திசையில் முடியும் வேறோர் எறிக்கு மாறினார், நான் விழுந்தேன். விழுந்தாலும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அவர் மாற வேண்டிய நிலையை நான் உண்டாக்கியிருந்தேன், அந்த நொடியில்தான் நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினோம் என்று உணர்ந்தேன்.

ஆறாம் படி: நாளுக்கு 20 நிமிடப் பயிற்சி

பயிற்சி முறையில் நுழைந்து, ஃபிரேம் விவரங்கள் திரையில் தெரியுமாறு அமைத்துக்கொள்ளுங்கள். முதல் 5 நிமிடம், எதிரில் நிற்கும் பொம்மை வீரரை எல்லாவற்றையும் தடுக்கச் செய்து, உங்கள் ஆறு அடிகளையும் அடித்து எண்களைப் பாருங்கள். அடுத்த 10 நிமிடம், மைனஸ் 12க்கு மேல் போகும் ஏதாவது ஓர் அடியைப் பொம்மை மீண்டும் மீண்டும் அடிக்குமாறு பதிவு செய்து, தடுத்த உடனே குத்தித் தண்டிக்கப் பழகுங்கள். சீக்கிரம் அழுத்தினால் தடுப்பு முடியாமல் ஒன்றும் வராது, தாமதித்தால் பொம்மை தடுத்துவிடும். விரல் அந்த நடுவிடத்தைக் கண்டுகொள்ளும்வரை விடாதீர்கள். கடைசி 5 நிமிடம் ஒரே ஒரு காம்போ, அதாவது இடைவிடாமல் அடுத்தடுத்து விழும் அடிகளின் தொடர். தூக்கும் அடி, இரண்டு குத்து, ஒரு முடிப்பு என்ற அளவு போதும். நீளமான காம்போக்களை மனப்பாடம் செய்வதில் முதல் மாதத்தைச் செலவழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தூக்கும் அடியை எப்போது கொடுப்பது என்று தெரியாததால் அந்தக் காம்போவுக்கு ஆட்டத்தில் வேலையே வருவதில்லை.

ஏழாம் படி: மேடையைப் பார்ப்பது

மேடைகள் அளவிலும் அமைப்பிலும் வேறுபடும். சிலவற்றில் சுற்றிலும் சுவர், சிலவற்றில் தாழ்வான வேலி, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. சுவரில் மோதியவர்மேல் கூடுதல் அடிகள் விழும். திறந்த மேடையில் வெளியே விழுந்தவர் எவ்வளவு உடல்வலு வைத்திருந்தாலும் அந்தச் சுற்றை இழப்பார். ஆகவே சுற்று தொடங்கியதும் உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விளிம்பை நெருங்கினால் பக்கவாட்டில் ஒதுங்கித் திரும்புங்கள்.

எட்டாம் படி: மனிதர்களோடு ஆடுவது

கணினி வீரருடன் ஆடி விசைகள் கைக்குப் பழகியதும், ஒரு வாரத்துக்குள்ளாகவே மனிதர்களிடம் போய்விடுங்கள். கணினிக்குப் பயமும் கிடையாது, பழக்கமும் கிடையாது. இருவழித் தேர்வு பயமும் பழக்கமும் உள்ளவரிடம்தான் வேலை செய்யும். வைஃபையைத் தவிர்த்து, கேபிள் வழியாக இணையுங்கள். எதிராளியின் பட்டன் அழுத்தம் வந்து சேரும்வரை காத்திராமல், அவர் என்ன செய்வார் என்று ஊகித்துப் படத்தை ஓட்டி, ஊகம் தவறினால் பின்சென்று திருத்துவதே ரோல்பேக்கின் முறை. தொலைவு மிகக் கூடினால் அந்தத் திருத்தங்கள் கண்ணில் படும் தாவல்களாகத் தெரியும். எனவே முடிந்தவரை அருகிலுள்ள நாடுகளின் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கேதான் இந்த ஆட்டத்துக்கு ஆள் தேவை. கதைப்பகுதியை ஆடிவிட்டு மூடிவைக்கும் விளையாட்டாக இதை அமைக்கவில்லை. எதிரில் ஒருவர் இருந்தால்தான் இதற்கு உயிர் வரும். புதியவர்கள் குறைவாக இருக்கும்போது, முதல் முறை இணையத்தில் நுழைபவருக்கு 15 ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் எதிரியாக வந்துவிடுகிறார். பத்து நிமிடத்தில் நுழைந்தவர் வெளியேறுகிறார். அடுத்து நுழைபவருக்கும் இதே கதை. இதை உடைக்க நான் கண்ட ஒரே வழி, தனியாகக் கற்காமல் ஒரு நண்பரைச் சேர்த்துக்கொள்வது. இருவரும் ஒரே நாளில் தொடங்குங்கள். ஒரே வீட்டில் இரண்டு கன்ட்ரோலர்களோடு உட்கார முடிந்தால் அதற்கு ஈடே இல்லை. இணையத் தாமதமும் இருக்காது, ஆட்டம் முடிந்ததும் ‘அந்த இடத்தில் ஏன் குனிந்தாய்?’ என்று கேட்கவும் முடியும்.

ஒவ்வொரு நாளின் முடிவிலும் தோற்ற ஆட்டம் ஒன்றின் பதிவை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். முழுவதையும் ஆராய வேண்டாம். நீங்கள் இழந்த சுற்றில் பெரிய சேதம் வந்த ஒரு கணத்தில் நிறுத்துங்கள். அப்போது நீங்கள் பிளஸில், அதாவது முன்னிலையில் இருந்தீர்களா, மைனஸில் இருந்தீர்களா? என்ன அழுத்தினீர்கள்? வந்தது எறியா, நடுமட்ட அடியா? இந்த மூன்று கேள்விகளுக்கான விடையை அந்தத் தாளின் பின்பக்கத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டு, மறுநாள் பயிற்சியின் நடு 10 நிமிடத்துக்கு அந்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள்.